காற்றில் ஏறிய கல்யாணக் கார்

வேலையை விட்டு வீட்டில் இருப்பவனைச் சும்மா இருக்க விடுவதில்லை என்று லண்டன் தமிழர்கள் சத்தியம் செய்து வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர், நான் முதல் வடையைக் கடிப்பதற்குள் கேட்டுவிடுவார்: "சிவமண்ணை, மகன் காரைப் பதிக்கப் போறானாம். கொயிலோவர் நல்லதோ, ஏர் சஸ்பென்ஷன் நல்லதோ?"

பதிப்பது என்றால் காரின் வயிறு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு இறக்குவது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதுதான் என் பிழைப்பு. என் மனைவிக்கு இன்றுவரை அது விளங்கவில்லை. "கார் செய்தவன் படிச்சுப்போட்டுத்தானே அந்த உயரம் வைச்சவன்? அதை நீங்கள் ஏன் குறைக்கிறியள்?" என்பாள். அழகுக்குத்தான். கொண்டையில் பூ வைப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்.

நான் கொயிலோவர்க் கட்சி. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஷொக் அப்சோபரைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், அதற்கு அடியில் மரை வெட்டிய ஒரு வளையம். வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும், மேலே திருகினால் ஏறும். பூட்டிவிட்டால் இரும்பு இரும்பாகவே இருக்கும். ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் ரப்பர் பை. டிக்கிக்குள் ஒரு கொம்பிரெசர், காற்றை அடைத்து வைக்க ஒரு தாங்கி, அங்கிருந்து நான்கு சில்லுக்கும் நைலோன் பைப், டிரைவரின் கையருகே சுவிச்சுகள். சுவிச்சை அமத்தினால் கார் எழும்பும், மறுபடி அமத்தினால் கீழே குந்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொண்ணூறுகளில் அது லண்டனுக்குப் புதுச் சாமான். பைப் மெல்லக் கசியும். இரவு நிமிர்ந்து நின்ற கார், காலையில் போய்ப் பார்த்தால் சம்மணம் கொட்டி இருக்கும்.

இருந்தாலும் பந்தியில் கேட்பவருக்கு நான் இதையெல்லாம் சொல்வதில்லை. "அந்தக் காரில ஆர் ஏறுறது?" என்று திருப்பிக் கேட்பேன். அது என்னுடைய கேள்வி அல்ல. என் முதலாளி மோரீனுடையது.

நான் லண்டனுக்கு வந்து சேர்ந்த கதை எல்லோருடைய கதையும்தான், அதை விடுவோம். எட்மண்டனில் ஒரு டயர்க் கடையில் சில்லுக் கழற்றினேன், பின்னேரங்களில் கொலிஜில் மோட்டார் மெக்கானிசம் படித்தேன், மீதி நேரம் மழையில் பஸ்ஸுக்கு நின்றேன். பிறகு, ரயில் பாதைக்குக் கீழே செங்கல் வளைவுக்குள் இருந்த ஒரு கராஜுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். காதில் பென்சில் செருகி, ஓவரோலுக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்த ஒரு பெண்மணி காருக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்து, "பார்த்துவிட்டாய், இனி வேலையைத் தொடங்கு" என்றார்.

மோரீன் ஒருநாளும் ஏசியதில்லை. நான் ஏதாவது பிழையாகப் பூட்டினால், தேநீர்க் கோப்பையோடு வந்து அந்தப் பிழைக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார். கோப்பை காலியாவதற்குள் நான் கண்டுபிடித்துவிட வேண்டும். முதல் வருடத்தில் அந்த மனுசி குடித்த தேயிலைக்கு ஒரு மலை காணாது.

காரைப் பதிக்க வருகிற ஒவ்வொருவரையும் அவர் ஒரே விதமாகத்தான் விசாரிப்பார். எவ்வளவு பதிக்க வேண்டும் என்று கேட்க மாட்டார். "இந்தக் காரில் ஏறுகிறவர்களில் ஆக வயது கூடியவர் யார்? அவரைக் கூட்டி வா" என்பார். சுவரோரம் மூன்று மர ஸ்டூல்கள் இருந்தன, அவரே அறுத்துச் செய்தவை. பச்சை ஸ்டூல், பதிக்காத காரின் சீற் உயரம். மஞ்சள், அளவாகப் பதித்த காருடையது. சிவப்பு, பொடியள் கேட்கிற அளவுக்குப் பதித்த காருடையது. கூட்டி வந்த ஆளை ஒவ்வொன்றிலும் இருந்து எழும்பச் சொல்வார். கை ஊன்றாமல் எழும்பினால்தான் அந்த உயரம். ஆள் எழும்பும்போது மோரீன் முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்காலைத்தான் பார்ப்பார். முகம் மரியாதைக்குப் பொய் சொல்லும், முழங்கால் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஒருமுறை ஸ்ட்ரெதமில் இருந்து ஒரு டாக்டர் வந்தார், மெட்ராஸ்காரர். அவரிடம் இந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டேன். "நான் ஒருத்தன்தான் சார். வேற யாரும் ஏற மாட்டாங்க" என்று அடித்துச் சொன்னார். தானே சிவப்பு ஸ்டூலில் இருந்து சுண்டிவிட்ட மாதிரி எழும்பியும் காட்டினார். கொயிலோவர் பூட்டி நல்லாய்ப் பதித்துக் கொடுத்தோம். அந்த மாதமே அவருடைய மாமியார் மெட்ராஸில் இருந்து வந்திறங்கினார். டாக்டர் திரும்பி வந்தார், வளையங்களை மேலே திருகினேன். மாமியார் ஊருக்குப் போனதும் மறுபடி வந்தார், கீழே திருகினேன். பிறகு மாமனார் வந்தார். அந்தக் குடும்பத்தின் விசா விபரம் முழுவதும் எனக்கு அந்தக் கொயிலோவர் வளையத்தில் இருந்துதான் தெரியும்.

நான் சொல்ல வந்தது தயாபரனின் கதை.

தயா எட்மண்டன் பொடியன், முப்பது வயது இருக்கும். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்து ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கியிருந்தான். கறுப்பு நிறம். அதைக் கழுவுகிற அளவுக்கு அவன் பல்லுத் தீட்டுவானோ என்பது சந்தேகம். தங்கை கௌரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தங்கையை அந்தக் காரில் தானே ஓட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கார் நிலத்தோடு நிலமாகப் போக வேண்டும். அதுதான் அவன் ஆசை. அவனுடைய சிநேகிதர்கள் எல்லோரும் பதித்த கார்க்காரர்கள்.

சிக்கல் தகப்பனில் இருந்தது. செல்லத்துரை ஐயா யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவர். அப்போதுதான் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். இடுப்பை விட முழங்கால் உயர்ந்து நிற்கும்படி பதிவான இடத்தில் இருக்கக் கூடாது, மூட்டு கழன்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அவருடைய கதிரைக்குக்கூட நான்கு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்திருந்தார்கள். இதற்குள் மகன் காரைப் பதிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும், "பெத்த தேப்பன் ஏற ஏலாத காரை உவன் ஆருக்கு ஓடப்போறான்?" என்று மனைவியிடம் கேட்டாராம். அன்றிலிருந்து தகப்பனுக்கும் மகனுக்கும் நேர்ப்பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் தாய் வழியாகத்தான்.

அப்படியானால் ஐயாவை வேறொரு வான் வண்டியில் அனுப்பினால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கௌரி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "அப்பா எந்தக் காரில வாறாரோ, அந்தக் காரிலதான் நானும் வருவன்."

ஆகவே ஒரு சனிக்கிழமை செல்லத்துரை ஐயா எங்கள் கராஜுக்கு வந்தார். கோட், டை, கையில் தடி. மோரீன் ஸ்டூல்களைக் கொண்டுவந்து வைத்தார். நான் முன்னுக்குப் போய், "ஐயா, இவ சொல்லுறா, இதில ஒருக்கா இருந்து எழும்பட்டாம்" என்று மொழிபெயர்த்தேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோரீன் பக்கம் திரும்பி, கச்சேரியில் வெள்ளைக்காரத் துரையிடம் கற்ற ஆங்கிலத்தில், மழை, சுகம், கராஜின் செங்கல் வேலை என்று வரிசையாக விசாரித்தார். மோரீனே கொஞ்சம் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொன்னார். நான் போய் என் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பையும் மஞ்சளையும் மோரீன் காலாலேயே ஒதுக்கிவிட்டார். பச்சையில் ஐயா மெல்ல இறங்கினார். பாதி வழியில் மோரீன் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும். முழங்கால் மேலே வருகிறது." அதாவது பதிக்காத காரே அவருக்குப் பதிவு! பச்சை ஸ்டூலின் மேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். மூன்றாவது பலகையில்தான் ஐயா தடியைத் தொடாமல் எழும்பினார். மோரீன் பென்சிலை எடுத்து அந்த உயரத்தைச் சுவரில் கோடு கிழித்தார்.

"ஐயாவுக்கு இந்த உயரம் வேணுமெண்டால் காரைப் பதிக்கிறதை மறந்திடு" என்றேன் தயாவிடம்.

அவன் கண் கலங்கியதை மறைக்க காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். ஐயா சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, அவனிட்டைச் சொல்லுங்கோ, நான் வீட்டிலயே நிக்கிறன் எண்டு. பிள்ளையை அவன் கூட்டிக்கொண்டு போகட்டும்."

மகன் கை எட்டும் தூரத்தில் நின்றான். கன்னிகாதானம் செய்ய வேண்டிய தகப்பன் வீட்டில் நிற்கப் போகிறாராம். அப்போதுதான் மோரீன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "காற்று" என்றார்.

நான் எதிர்த்தேன். கசியும் என்றேன், குளிரில் உறையும் என்றேன், கல்யாண நாளில் காலை வாரிவிடும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டார். "கொயிலோவர் நல்ல சாமான்தான். ஆனால் அது ஒரு உயரத்தைத் தெரிவு செய்துவிட்டு அதிலேயே நிற்கும். இந்த வீட்டுக்கு இரண்டு உயரம் தேவை" என்றார்.

அந்த வேலையை நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஒவ்வொரு பைப் இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒரு குமிழி வந்தாலும் கழற்றிப் பூட்டினோம். காரை நிமிர்த்தி, சில்லுக்கு மேலே தகட்டில் சோக்கால் கோடு போட்டு, இரவுக் குளிரில் நாட்கணக்கில் நிற்கவிட்டு, கோடு இறங்குகிறதா என்று பார்த்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தோம். ரோட்டு மேடுகளில் ஏற்றி இறக்கினோம். கடைசியாக மோரீன் ஒரு முழப் பைப்பையும் இரண்டு இணைப்புத் துண்டுகளையும் ஸ்பெயார் சில்லுக்குள் ஒட்டி வைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கல்யாண நாள் காலை. நல்ல வெயில், லண்டனுக்கு அது சீதனம் மாதிரி. எட்மண்டன் வீட்டு வாசலில் கறுப்புக் கார் பூமாலையோடு பதிந்து கிடந்தது. நான் பட்டுவேட்டி சால்வையில் போயிருந்தேன். மோரீன் பெரிய தொப்பியும் கைப்பையுமாக வந்திருந்தார். ஐயாவின் கதிரையைக் கட்டைகளோடு வெளியே தூக்கிவந்து வைத்து, அவரை அதில் இருத்தியிருந்தார்கள்.

புதுச் சாமான் பூட்டினால் அது புதுக் கார்தானே என்பது தயாவின் அம்மாவின் கணக்கு. ஆகவே நான்கு சில்லுக்கும் முன்னால் குங்குமம் வைத்த தேசிக்காய், அதுதான் எலுமிச்சை. தேங்காயின் மேல் கற்பூரம் கொளுத்திக் காருக்குச் சுற்றினார். அதை அடுத்ததாக அடித்து உடைக்க வேண்டும். அங்கேதான் வீடியோக்காரர் குறுக்கிட்டார். "அன்ரி, உடைக்காதேங்கோ! தேங்காயை அப்பிடியே முன் சில்லடியில வையுங்கோ. தம்பி, காரை ஒருக்கா எழுப்பிப்போட்டு மெள்ளமாய்க் குனிய விடுங்கோ. கற்பூரத்தோட சேர்த்து எடுத்தால் அந்த மாதிரி இருக்கும்."

கார் எழும்பியது. குனிந்தது. தயாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாருங்கோ, கார் அம்மாளாச்சியைக் குனிஞ்சு கும்பிடுது!" பெரியம்மாமார் வெளியே ஓடிவந்தார்கள். அவர்களுக்காகக் கார் இன்னொரு முறை கும்பிட்டது. பின்வளவில் நின்றவர்களுக்காக மறுபடியும் கும்பிட்டது. அவ்வளவு பக்தியான காரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

பிறகு ஒரு சீறல். பிளாஸ்டிக் கருகிய மணம். மூன்று மூலை எழும்பின, இடது முன் மூலை மட்டும் நிலத்தோடு கிடந்தது. சில்லுக்கு உட்புறம் ஓடிய நைலோன் பைப்பைக் கற்பூரம் உருக்கிவிட்டது. தேங்காயைக் காலால் தட்ட மனம் வராமல் சால்வையால் பிடித்து எடுத்தேன்.

மோரீன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "மழையைச் சோதித்தோம், குளிரைச் சோதித்தோம், மேட்டையும் பள்ளத்தையும் சோதித்தோம். காருக்கு நெருப்பு வைப்பீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே, ஷிவம்!"

தயா பதறிப்போய் எழுப்புகிற சுவிச்சை அமத்து அமத்து என்று அமத்தினான். தாங்கியில் இருந்த காற்றெல்லாம் ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அண்ணை, எழும்புதில்லை அண்ணை" என்று என்னைப் பார்த்து அழாக்குறையாகச் சொன்னான்.

"தம்பி!" என்று ஒரு குரல். "சுவிச்சில இருந்து கையை எடு. பொறு."

செல்லத்துரை ஐயாதான். மாதக்கணக்கில் மகனிடம் நேரே பேசாத மனிதர். தயா கையை எடுத்துவிட்டான்.

மாமன் ஒருவர் செங்கல் அளவு மொபைல் போனோடு ஓடிவந்தார். மாப்பிள்ளை வந்து மணவறையில் இருக்கிறாராம், எங்கே நிற்கிறீர்கள் என்று ஐயர் கேட்கிறாராம். "ஐயாவை வானில ஏத்துவம்" என்றார் ஒருவர். வானின் படி அவருடைய இடுப்புக்கு ஆகாது என்றார் இன்னொருவர். வாசலில் முழு அலங்காரத்தில் நின்ற கௌரி, "நான் அப்பாவோடதான்" என்றாள், அவ்வளவுதான்.

பைப்பை ஒட்ட வேண்டுமென்றால் சில்லுக்குப் பின்னால் கை போக வேண்டும். கை போக அந்த மூலை உயர வேண்டும். காரைத் தூக்குகிற ஜக் உள்ளே நுழைய இடமில்லை. "ஆம்பிளையள் எல்லாரும் வாங்கோ!" என்று கத்தினேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கோயிலில் சுவாமி தூக்கிப் பழகிய தோள்கள். யாரோ "அரோகரா!" என்றார், எல்லோரும் "அரோகரா!" என்றார்கள், மூலை எழும்பியது. தெருவில் இருந்த வெள்ளைக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"முட்டுக் குடுக்க ஏதாவது கொண்டுவாங்கோ! கெதியாய்!" என்றேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தூக்கியவர்களின் பிடி நழுவத் தொடங்கிவிட்டது.

செல்லத்துரை ஐயா தடியை ஊன்றி எழுந்தார். "என்ர கதிரைக் கட்டையளை எடுங்கோ."

"அப்பா, நீங்கள் பிறகு எதில இருக்கிறது?" என்றான் தயா.

"நான் நிப்பன். நீ எடு தம்பி."

நல்ல கெட்டி மரக்கட்டைகள். ஆஸ்பத்திரி மனிதர் அளவெடுத்துச் செய்தவை. காருக்கு அடியில் வைத்ததும் அசையாமல் நின்றன. மோரீன் கைப்பையைத் திறந்தார். மற்றப் பெண்கள் லிப்ஸ்டிக் வைக்கிற இடத்தில் அவர் பைப் வெட்டுகிற கத்தி வைத்திருந்தார். கருகியதை வெட்டி எறிந்து, ஸ்பெயார் சில்லுக்குள் இருந்த முழப் பைப்பைச் சேர்த்து, இரண்டு பக்கமும் இணைப்பை அமுக்கினேன். என் பட்டுவேட்டி போன போக்கு வீடியோவில் இருக்கிறது, போட்டுப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டுத் தாங்கி நிரம்பக் காத்திருந்தோம். கொம்பிரெசர் இரைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் ஐயா அந்த வெயிலில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கதிரை பக்கத்தில் பதிவாகக் கிடந்தது. தயா அவருக்குப் பின்னால் போய், தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றான்.

கார் எழும்பியது. நான்கு மூலையும். சீற், கராஜ்ச் சுவரில் மோரீன் கிழித்த கோட்டின் உயரத்துக்கு வந்து நின்றது. ஐயா சீற்றில் இருந்தார், மோரீன் முழங்காலைப் பார்த்துத் தலையாட்டினார்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மண்டபத்தை அடைந்தோம். நானும் மோரீனும் பின்னால் இன்னொரு காரில். வாசலில் தயாவின் சிநேகிதர்கள் தங்கள் கார்களை இரண்டு பக்கமும் வரிசையாக விட்டிருந்தார்கள், எல்லாம் தரையோடு தரையாக. நடுவில் தயாவின் கார் பால்காரனின் வான் மாதிரி உயர்ந்து வந்து நின்றது. ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். தயா அதைப் பார்த்தும் பாராதவன் மாதிரி இறங்கி, சுற்றி வந்து, தகப்பனுக்குக் கதவைத் திறந்தான். ஐயா தடியைத் தொடாமல் எழும்பினார். கௌரி இறங்கினாள். நாதஸ்வரம் தொடங்கியது. ஐயர் கையைக் காட்டி அவசரப்படுத்தினார்.

ஐயா நடக்கவில்லை. அந்த வரிசைக் கார்களை ஒருமுறை பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"இறக்கு தம்பி" என்றார். "உன்ர பொடியள் எல்லாம் பாத்துக்கொண்டெல்லே நிக்கிறாங்கள்."

தயா யன்னலுக்குள்ளால் கையை விட்டுச் சுவிச்சை அமத்தினான். கார் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. அது முழுதாக இறங்கி முடியும்வரைக்கும் ஐயா, ஐயரையும் காக்க வைத்துக்கொண்டு, தடியோடு அங்கேயே நின்று பார்த்தார்.